எழுபத்தொன்பது கிலோ கட்டில்

வாருங்கள், வந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கொட்டாஞ்சேனையில் பதியுதீனின் பழைய இரும்புக் கடையில் ஓர் ஒற்றைக் கட்டில் தராசில் எழுபத்தொன்பது கிலோ காட்டியது. அதில் இரும்பு முப்பத்தொரு கிலோ. மிச்சம் நாற்பத்தெட்டுக் கிலோவும் உமையாள் என்ற பெண். அவள் அந்தக் கட்டிலில் இல்லை. எட்டு ஆண்டுகளாக எங்கே இருக்கிறாள் என்று சொல்ல வேண்டியவர்கள் வாயைத் திறக்கவுமில்லை. கட்டில் மட்டும் அவளுடைய எடையைக் கீழே வைக்காமல் சுமந்துகொண்டிருந்தது.

நடந்த அநீதி இதுதான். அதே பகுதியில் ஒரு தனியார் மனநல விடுதி இருந்தது. அங்கே மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. படுக்கும் கட்டிலின் எண்தான் ஆளுக்கும் எண். "இருபத்தேழு சாப்பிட்டாச்சு", "முப்பத்திமூன்றுக்குக் காய்ச்சல்" என்று எழுதியே இருபது வருடம் ஓட்டினார்கள். விடுதியை மூடிய வாரத்தில் நாற்பது பேரையும் வான் வண்டிகளில் ஏற்றி எங்கெங்கோ அனுப்பினார்கள். பிறகு பரிசோதனைக்கு வந்த அதிகாரி பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனார். ஒன்று முதல் நாற்பது வரை எல்லா எண்களும் வரிசையாக இருந்தன. கட்டில்கள்! 'எவரும் காணாமற் போகவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார். சட்டத்தின் கண்ணில் அந்த நாற்பது பேரும் இன்றுவரை பூட்டிய கட்டடத்துக்குள் பத்திரமாக இருக்கிறார்கள்.

எட்டு ஆண்டு கழித்துக் கட்டடத்தை இடிக்கப் போவதாகச் சொல்லி, உள்ளே கிடந்த தளபாடங்களைப் பதியுதீனுக்கு விற்றார்கள். இரும்பை எடை போட்டு வாங்குவது அவருடைய தொழில். அவருடைய மேடைத் தராசில் அரசாங்க முத்திரை உண்டு. முதல் நடையிலேயே பாரம் தாங்காமல் லொறியின் அடியிலிருந்த வில்லுத் தகடு முறிந்தது. ஒரே அச்சில் வார்த்த கட்டில்கள் ஒன்று எண்பத்தைந்தும் மற்றொன்று அறுபத்தெட்டுமாகக் காட்டியபோது அவர் கடையைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாக மீண்டும் நிறுத்தார். ஒன்பது கட்டில்கள் மட்டும் சரியாக முப்பத்தொரு கிலோ காட்டின. அந்த ஒன்பதின் முன்னாலும் தொப்பியைச் சரிசெய்து நின்று, இறந்தவர்களுக்குச் சொல்வதைச் சொன்னார். மீதி முப்பத்தொரு கட்டில்களையும் உடைக்க மறுத்து, எடையைச் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்தார். அவருடைய மகள் நிஹ்லா எல்லாவற்றையும் படம் பிடித்து முகநூலில் போட்டாள்.

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அந்தப் படத்தை மெய்யம்மை பார்த்தாள். இருபத்தேழாம் எண்ணைப் பார்த்ததும் கையிலிருந்த தேநீரை வைக்க மறந்து பேருந்து நிறுத்தம் வரை கோப்பையோடு நடந்தாள். உமையாள் அவளுடைய அக்கா; விடுதியில் அக்காவின் எண் அது. மருந்து எடுத்தால் நன்றாகக் கதைத்துச் சிரிக்கக்கூடிய அக்கா. புறக்கோட்டையில் புடவை வியாபாரம் செய்யும் அண்ணன் சத்தியநாராயணன், மகள் விஷ்ணுப்பிரியாவுக்கு வரன் பார்த்த காலத்தில், அக்காவை விடுதியில் விட்டு, 'திரும்ப அழைக்க மாட்டோம்' என்ற தாளில் கையெழுத்திட்டவர். விடுதி மூடியதும் அவள் செத்துவிட்டதாகச் சொல்லிப் பதினாறாம் நாள் காரியமும் செய்து, ஊருக்கே சாப்பாடு போட்டார். மெய்யம்மை அந்தப் பந்தியில் உட்காரவில்லை.

தங்கை இரும்புக் கடையே கதியென்று கிடப்பதைக் கேள்விப்பட்டு அவர் காரில் வந்து இறங்கினார்.

"உனக்கும் புத்தி பிசகிடுச்சா மெய்யு? காரியம் முடிச்ச ஆளைத் தராசுல தேடுற?"

"வெறும் கட்டில்தானே அண்ணே. ஒரு பக்கத்தைத் தூக்குங்க பாப்போம்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டித் தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது, கட்டில் அசையவில்லை. தராசு பிழை என்றார்.

"அப்ப நீங்களே ஏறி நில்லுங்க மொதலாளி," என்றார் பதியுதீன். "காசு ஒண்டும் கேக்க மாட்டேன்."

எண்பத்திரண்டு காட்டியது. அன்று காலை கொள்ளுப்பிட்டியில் வைத்தியர் சொன்ன அதே எண்பத்திரண்டு. சத்தியநாராயணன் செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறிப் போனார்.

அக்கா உயிரோடிருக்கிறாள்; அது நிச்சயமாயிற்று. ஆனால் கட்டில் மெலியத் தொடங்கியது. ஏழு வாரத்தில் எழுபத்தொன்பது எழுபத்துநான்காயிற்று. தினமும் எடை பார்த்த மெய்யம்மை ஒன்றைக் கவனித்தாள்: இருபத்தேழோடு வேறு பத்துக் கட்டில்களும் அதே நாட்களில், அதே அளவில் குறைந்தன. பதினொரு பேர் ஒரே கூரையின் கீழ், ஒரே பட்டினியில் இருக்கிறார்கள். முப்பத்தொன்றுக்கு இறங்க இன்னும் எத்தனை வாரம் என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், கொட்டாஞ்சேனையில் வெயில் தார் உருக்கிக்கொண்டிருக்க, அந்தப் பதினொரு கட்டில்கள் மட்டும் தொப்பலாக நனைந்தன.

"வாப்பா, இந்த ஆக்கள் இருக்கிற எடத்துல கூரை ஒழுகுது!" என்று கத்தினாள் நிஹ்லா.

பதியுதீன் உடனே தனக்குத் தெரிந்த முச்சக்கரவண்டிக்காரர் அத்தனை பேருக்கும் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார்: இப்ப எங்க மழை? கொழும்பு முழுவதும் வெயில் என்றார்கள். பொரளையிலிருந்து ஒருவன் மட்டும், கனத்தை மயானத்துக்குப் பின்னால் ஒரே ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, அடுத்த ஒழுங்கையில் தூசி பறக்கிறது என்றான்.

மெய்யம்மையும் பதியுதீனும் இருபத்தேழாம் கட்டிலை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த ஒழுங்கையில் தகரக் கூரை ஒன்றுதான் இருந்தது; அது இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் மெல்ரோய் என்ற காவற்காரன் மறித்தான்.

"இங்க ஆக்கள் இல்ல மிஸ். இது ஸ்டோர். பழைய சாமான்தான்."

"அந்தச் சாமானைத்தான் எடுக்க வந்திருக்கேன்," என்றாள் மெய்யம்மை. அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

பதினொரு பேரும் நனைந்த பாயில் வரிசையாக, முன்பு கட்டில்கள் இருந்த அதே ஒழுங்கில் உட்கார்ந்திருந்தார்கள். உமையாள் தங்கையின் தலையைத் தொட்டு, "நரைச்சுட்டியேடி," என்றாள். பிறகு வெளியே வந்து, லொறியில் ஏறி, தன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

"இருபத்தேழு! எறங்கு!" என்று மெல்ரோய் அதட்டினான்.

"உமையாள்னு கூப்பிடு. கூப்பிட்டாலும் எறங்க மாட்டேன்."

ஒழுங்கையே கூடிவிட்டது. மற்றப் பத்துப் பேரையும் அதே லொறியில் ஏற்றினார்கள். கடைக்குத் திரும்பி, உமையாள் அமர்ந்தபடியே கட்டிலைத் தராசில் வைத்தபோது எழுபத்துநான்குதான் காட்டியது. ஒரு கிராம் கூடவில்லை. பதியுதீன் அதைச் சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டு எல்லாருக்கும் பாணும் பருப்பும் வாங்க ஆள் அனுப்பினார். மூன்று மாதத்தில் அது எண்பதைத் தாண்டியது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அந்தக் கட்டில் நிற்கும் அறைக்குக் கீழ்வீட்டார், தங்கள் கூரைக்குக் கீழே ஒரு தூண் கூடுதலாக வைத்துக்கொண்டார்கள். வேறு முறைப்பாடு எதுவும் செய்யவில்லை.

தோழர்களே, பெரியோர்களே! இன்னும் இருபது கட்டில்கள் யாரும் கேட்காத எடையோடு கிடக்கின்றன. பன்னிரண்டாம் எண் போன வாரம் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. அனுதாபத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். 'எவரும் காணாமற் போகவில்லை' என்று எழுதிய அந்த அலுவலகத்தின் வாசலில் நில்லுங்கள். இருபது பெயர்களையும் இருபது முகவரிகளையும் கேளுங்கள். எண்ணைத் தந்தால் வாங்காதீர்கள். நாளைக்கு வரச் சொன்னால் நகராதீர்கள். பன்னிரண்டாம் கட்டிலில் படுத்தவருக்கு நாளை என்பது எத்தனை கிலோ என்று திருப்பிக் கேளுங்கள்!