நாற்பத்தோராம் பக்கம்

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் பானைக்குள் விழுந்தது அவர் இல்லை. எங்கள் மகள்.

வெளிநாட்டிலிருந்து தொழில் தொடங்க வருகிறவர்களை இந்த ஊரில் குடியமர்த்திவிடும் கம்பெனியில் அவருக்கு வேலை. விமானத்தைவிட்டு இறங்குவதிலிருந்து, வீடு பார்த்து, குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்து, வசிப்பு அட்டை வாங்கிக் கையில் கொடுப்பதுவரை எல்லாம் அவர் பொறுப்பு. வருகிறவர்களுக்கென்று ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார். நீல அட்டை, நூற்றுப் பன்னிரண்டு பக்கம், வருடாவருடம் திருத்திய பதிப்பு. அதனால் எல்லாரும் அவரைக் கைடு என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். கொஞ்ச நாளாக வேறு பெயர் என் வாயில் வரவில்லை.

நல்ல புத்தகம்தான், பொய் சொல்லக்கூடாது. வீடு பார்க்கப் போனால் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பதற்கு முன்னால் குளியலறைக் குழாயைத் திறந்து பாருங்கள் என்று எழுதியிருப்பார். போட்டோவில் இரண்டு காதும் தெரிய வேண்டும். குடியேற்ற அலுவலகக் கவுன்ட்டரில் அவசரம் என்று சொல்லாதீர்கள், சொன்னால் உங்கள் ஃபைல் அடிக்குப் போய்விடும். மூன்றாவது மாடி ஜெராக்ஸ் மெஷினை நம்பாதீர்கள். படித்தால் இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஆள் எழுதியது என்று நினைப்பீர்கள். நாங்களும் வந்தேறிகள்தான். மகளுக்குப் பதினோரு மாதம் ஆகியிருந்தபோது வந்தோம். என் கார்டும் அவள் கார்டும் அவர் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தவை.

நாற்பத்தோராம் பக்கத்தில் பிள்ளைகளைப் பற்றி இருக்கிறது. பெற்றோர் கார்டில் இருக்கும் பிள்ளை, பதினெட்டு வயது நிறைவதற்குள் குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்துத் தன் பெயருக்குத் தனிக் கார்டு மாற்றிக்கொள்ள வேண்டும். பிறந்தநாள் தாண்டினால் கார்டு செத்துவிடும். முப்பது நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். வெளியே போய் மறுபடி மனுப் போடலாம். முதலீட்டாளர் பிள்ளைகளுக்கு ஆறு வாரம், மற்றவர்களுக்கு ஐந்திலிருந்து ஏழு வருடம். கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: "அலுவலகம் மூடியிருந்தது என்பதைக் காரணமாக ஏற்க மாட்டார்கள். எனவே கடைசி இரண்டு வாரத்துக்கு இதைத் தள்ளிப்போடாதீர்கள்." எழுதியவர் சாட்சாத் என் வீட்டுக்காரர்.

கைரேகைக்குத் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு. தனியாளாக முயன்றால் நான்கு மாதம் ஆகும். கம்பெனி கணக்கில் மட்டும் மாதத்துக்குப் பன்னிரண்டு தேதி உண்டு, ஆளுக்கு ஒன்று. அதில் எழுதிய பெயரை முந்தின நாள் மாலை ஐந்து மணிவரை மாற்றலாம். இதில்தான் என் வீட்டுக்காரர் கில்லாடி. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவரை அங்கே வைப்பார், அவரை எடுத்து அடுத்த வாரம் போடுவார். பன்னிரண்டு வருடத்தில் யாரையும் அவர் தவறவிட்டதில்லை. நானே பக்கத்துவீட்டுக்காரியிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

மகளின் பிறந்தநாள் இருபத்து மூன்றாம் தேதி. தனிக் கார்டுக்கு வேண்டிய பள்ளிக் கடிதம் அந்த மாதம் முதல் வாரம்தான் கைக்கு வந்தது. ஒன்பதாம் தேதிக்கு அவள் பெயரைப் போட்டிருந்தார். பிசியோதெரபி படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. கால் உடைந்தவர்களை மறுபடி நடக்கவைக்கும் படிப்பு என்று என்னிடம் விளக்கிவிட்டு, என் முழங்காலைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் நாளெல்லாம் நிற்கிற கால் அது.

எட்டாம் தேதி சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"நாளைக்கு வேண்டாம். பதினாறாம் தேதி போயிக்கலாம்."

"ஏங்க, நான் லீவெல்லாம் சொல்லிட்டேனே?"

"ஆபீஸ்ல ஏதோ மாத்தம். ஒரு வாரம்தானே, என்ன ஆயிடப்போகுது?"

நான் நம்பினேன். கைடு சொன்னால் நம்பாமல் எப்படி?

பதினாறாம் தேதி காலை எட்டு மணிக்கே போய் நின்றோம். மகள் தலையை இழுத்து வாரி இரண்டு காதும் தெரிய வந்திருந்தாள். கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டர்களை மாற்றுகிறார்களாம். இருபத்தைந்தாம் தேதிவரை எல்லாத் தேதிகளும் ரத்து. அவர் அதை மூன்று முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து நான்காவது முறை படித்தார்.

"பரவாயில்ல. நம்மகிட்ட தேதி வாங்கின ஆதாரம் இருக்கு. பேசிக்கலாம்," என்றார்.

அவருடைய நீலப் புத்தகத்தின் தடித்த வரி எனக்கே மனப்பாடம். அந்த வருடம் மகள் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டவில்லை. வாங்கி வந்தோம், வெட்டத்தான் யாருக்கும் கை வரவில்லை.

இருபத்தாறாம் தேதி கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனோம். ஏழாம் கவுன்ட்டர் அம்மாவுக்கு அவரைப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். மூன்று பேரும் சேர்ந்து வந்ததைப் பார்த்ததுமே அவள் முகம் மாறியது. மகளின் கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் பார்த்தாள். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். நீல அட்டை, ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது.

"சார், வர்றவங்களுக்கு நான் இதைக் காட்டித்தான் விளக்கம் சொல்றேன். எங்க சுற்றறிக்கையைவிட இது தெளிவா இருக்கு," என்றவள் பக்கத்தைப் பிரித்து அவர் பக்கம் திருப்பினாள். "நீங்க எழுதினதுதான் சார். நான் என்ன பண்ணட்டும்?"

"ஆபீஸ் மூடியிருந்ததேம்மா..."

"ஒன்பதாம் தேதி திறந்துதானே இருந்தது? உங்க பொண்ணு பேரு அன்னைக்குப் பட்டியல்ல இருந்திருக்கே." அவள் திரையைப் பார்த்தாள். "எட்டாம் தேதி நாலு அம்பதுக்கு எடுத்திருக்கீங்க. அந்த இடத்துல வேற ஒரு குழந்தை. அஞ்சு வயசு."

பிஸ்கெட்காரரின் கடைசிப் பிள்ளை. பிஸ்கெட்காரர் என்றால் இங்கே பிஸ்கெட் ஆலை தொடங்க வந்தவர். அவரும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஒரே நாளில் கைரேகை வைத்துவிட்டு ஆலைத் திறப்புக்குப் போக வேண்டுமாம். ஒன்பதாம் தேதிக்குக் கையில் நான்கு இடம்தான் இருந்திருக்கிறது. ஒன்று குறைகிறதே என்று கம்பெனி முதலாளி இவரைப் பார்த்திருக்கிறார். இவர் எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்த ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பதினெட்டு ஆக இன்னும் பதின்மூன்று வருடம் இருக்கிறது. ஒரு வாரம் பொறுத்தால் அதன் பால்பல்கூட விழுந்திருக்காது.

"ஏங்க, கேட்டவுடனே கொடுத்துட்டீங்களா? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?" என்று அங்கேயே கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்பவும் செய்றதுதானே," என்றார். "எப்பவும் கிடைச்சிடும்..."

அவர் குரல் எனக்கே கேட்கவில்லை. மகள் அந்தப் புத்தகத்தை எடுத்து நாற்பத்தோராம் பக்கத்தை முழுசாகப் படித்தாள். அப்பா எழுதியதை அவள் படித்தது அன்றுதான் முதல்முறை. படித்து முடித்து, மூடி, கவுன்ட்டர் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் நடக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தபடியே நடந்தது. மேல்முறையீடு எழுதினார். ஊரார் பிள்ளைகளுக்கு எத்தனையோ எழுதி ஜெயித்தவர். ஒன்பதாம் நாள் இரண்டே வரியில் பதில் வந்தது. முதலாளியைப் பார்க்க நானே போனேன்.

"யானைக்கும் அடி சறுக்கும்மா. நாங்க யாருமே இப்படி ஆகும்னு நினைக்கலை," என்றார்.

"யானை சறுக்கினா எழுந்துக்கும் சார். அடியில மாட்டினது என் குட்டி," என்றேன்.

அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். முதலீட்டாளர் பிள்ளை என்று ஒரு கடிதம் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். முதலீடு எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி, டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

பிஸ்கெட்காரர் நல்ல மனிதர். விஷயம் அவர் காதுக்கு எட்டியதோ என்னவோ, நன்றி என்று ஒரு சீட்டு வைத்து மூன்று டின் பிஸ்கெட் அனுப்பினார். நான் அதைக் குப்பையில் போடப் போனேன். மகள் வாங்கித் திறந்து ஒன்றைக் கடித்தாள்.

"நல்லாத்தான்மா இருக்கு," என்றாள். அதன்பிறகுதான் அழுதாள். பிஸ்கெட்டை வாயில் வைத்துக்கொண்டே அழுதாள்.

எல்லாரும் சேர்ந்து திரும்பிப் போய்விடலாம் என்றேன். "எனக்கு அம்பத்தோரு வயசு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இந்த ஊர் கவுன்ட்டர்தான். அங்க போய் யாருக்கு வழி காட்டுவேன்?" என்றார். அவர்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனால் என் வாயை அடைத்தது மகள்தான். நாற்பத்து மூன்றாம் பக்கத்தையும் அவள் படித்திருந்தாள். வெளியிலிருந்து மனுப் போட வேண்டுமானால் பெற்றோரில் ஒருவராவது இங்கே கார்டோடு இருக்க வேண்டும், வேலையோடும் இருக்க வேண்டும். அவர் சம்பளம் மட்டும் மனுவுக்குப் போதாது, என்னுடையதும் சேர வேண்டும். ஆக இரண்டு பேரும் இருந்தாக வேண்டும். அந்தப் புத்தகத்தில் ஓட்டை என்று ஒன்று கிடையாது, அவ்வளவு ஒழுங்காக எழுதிவைத்திருக்கிறார் மனுஷன்.

அவள் போகிற எங்கள் சொந்த ஊரில் எங்களுக்கு இருப்பது என் சித்தப்பா மகன் ஒருவன்தான். போன் பண்ணினேன். "கொஞ்ச நாள் இருக்கட்டும்க்கா, அப்புறம் ஹாஸ்டல் ஏதாவது பாத்துக்கலாம்," என்றான். என்னைக் கடைசியாக அவன் பார்த்தபோது எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவியின் குரலை நான் கேட்டதே இல்லை. கூடப் போய் விட்டுவரலாம் என்றால் ஆஸ்பத்திரியில் லீவு இல்லை என்றுவிட்டார்கள். மீறிப் போனால் வேலை போகும், வேலை போனால் மனு போகும்.

மகள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பெட்டி கட்டுவதற்கு நடுவே திடீர் திடீரென்று கேட்பாள்.

"அப்பா, அங்க பஸ்ல முன்னாடி ஏறணுமா, பின்னாடியா?"

"முன்னாடி... இல்ல, பொம்பளைங்க... மாத்திட்டாங்களோ என்னவோ."

"டாக்டர்கிட்ட போகணும்னா நேரா போகலாமா, தேதி வாங்கணுமா?"

"தெரியலையேம்மா."

"வீட்டு வாடகைக்கு என்ன என்ன பேப்பர் கேப்பாங்க?"

யாரோ எங்கிருந்தோ வந்து கேட்டால் பக்க எண்ணோடு பதில் சொல்லும் ஆள், பெற்ற மகள் கேட்டதற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதும் மனசு இளகவில்லை. கவுன்ட்டரில் கத்தியதற்குப் பிறகு அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசியிருக்கவில்லை. சோறு போட்டேன், அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். மறுபடி யார் மனு என்று எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள். புத்தகத்தில் எழுதுவதுபோலவே மேலே தலைப்பு, கீழே எண் போட்டு வரிகள். புதிதாக வருவோர்க்கு என்று எழுதி அடித்திருந்தார். அதன் பக்கத்தில் மகளின் செல்லப்பெயரை எழுதியிருந்தார்.

மொத்தம் ஆறு வரிதான். மற்றதெல்லாம் எழுதி எழுதி அடித்தது. அந்த ஆறும் பதினேழு வருடத்துக்கு முன்னால் நாங்கள் கைக்குழந்தையோடு அங்கிருந்து கிளம்பி வந்த அன்று அவர் பார்த்தவை. முதல் வரி இது: "விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் இடது பக்கம் டெலிபோன் பூத் இருக்கும். மாமாவுக்குப் போன் செய்யவும். சில்லறை தயாராக வைத்துக்கொள்ளவும்."

அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு மாதமாகச் சேர்த்துவைத்திருந்த திட்டு அத்தனையும் வாய்வரை வந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை.

மகள் வந்தாள். தாளை எடுத்துப் படித்தாள். பதினெட்டு வயதுப் பெண், டெலிபோன் பூத்தைக் கண்ணால் கண்டதில்லை. கையில் போன் இருக்கிறது, அதில் மாமா நம்பரை நேற்றே போட்டுக்கொண்டாள். ஆறு வரியையும் நிதானமாகப் படித்துத் தாளை நான்காக மடித்தாள்.

"எவ்வளவு சில்லறை வேணும்பா?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கவுன்ட்டர் முன்னால் உட்காரும்போது அப்படித்தான் உட்காருவார்.

"மூணு நிமிஷத்துக்கு ஒரு காசு," என்றார். "எதுக்கும் பத்தா வச்சுக்கோ. லைன் கட்டாயிடும்."

"சரிப்பா," என்று சொல்லிவிட்டு, தாளைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தாள்.