ஏழாவது வாய்க்கு வைத்த எண்ணெய்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழையைப் பார்த்து வரவில்லை, மலையைப் பார்த்தும் வரவில்லை. போன தீபாவளி மலரில் நான் எழுதிய இன்னொரு கதையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, ஞானபாக்கியம் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அதிலிருந்து வந்தது.

"வைகுண்டராஜ்ங்கிறது நீகதான?" என்றாள். பதினோரு வருசம் கழித்துப் பார்க்கிறாள்தான். ஆனாலும் என்னைத் தெரியாமல் கேட்கவில்லை.

அந்தக் கதையில் ஒரு பழைய பிக்கப் ஜீப் வரும். வருசநாட்டு மலையிலிருந்து எலுமிச்சை மூட்டைகளோடு இறங்கும்போது பிரேக் போய், டிரைவர் செத்துப்போவான். 1974-ல் நடந்த விசயம். வண்டி என் அண்ணன் செல்லப்பாண்டியுடையது. அந்தக் கதையில் 'மெக்கானிக்கின் கவனக்குறைவால்' என்று இரண்டு சொல் எழுதியிருந்தேன். அது இல்லாவிட்டால் வாக்கியம் நொண்டியது, அதனால் சேர்த்தேன். சத்தியமாக அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

அந்த மெக்கானிக் பொன்னுராஜ். ஞானபாக்கியம் அவருடைய மனைவி.

"ஊருக்கு முன்னால ஒருக்காக் கொன்னீக. இப்ப அச்சடிச்சு வேற கொல்றீகளா? தீபாவளியும் அதுவுமா?" என்றாள். நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "எழுதுன கையாலயே திருத்தி எழுதுங்க. நான் வந்து பாப்பேன்."

சொன்னபடி வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கம்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து, எழுதிய வரைக்கும் படிக்கிறாள். ஆகையால் நடுவில் ஒரு குரல் குறுக்கே விழுந்தால் பயப்படாதீர்கள், அது அவள்தான்.

2

முதல் ஆரம்பம்: 'மூச்சு வாங்கியபடி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்த அந்த வண்டி' (அடித்துவிட்டேன். வண்டிக்கு மூச்சு ஏது? கார்புரேட்டர்தான் உண்டு.)

இரண்டாம் ஆரம்பம்: 'பட்டாளத்து ஏலத்தில் எடுத்த வண்டி அது. முன்னால் ஜீப், பின்னால் திறந்த தொட்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மழை பெய்து சேறான பாதையில் லாரியெல்லாம் நின்றுவிடும், இது மட்டும் உறுமிக்கொண்டே ஏறும். செல்லப்பாண்டியின் எலுமிச்சை வியாபாரமே இதை நம்பித்தான்'

"நிறுத்துங்க," என்றாள் அக்கா. "வண்டிக்கு என்ன குறைன்னு சொல்லாம வண்டி பெருமையப் பாடுறீக. ஹேண்ட் பிரேக் இல்லேன்னு எழுதுங்க."

எழுதுகிறேன். ஹேண்ட் பிரேக் பட்டாளத்திலேயே செத்துப்போயிருந்தது. பொன்னுராஜ் நாலு தடவை சொன்னார். அண்ணன் நாலு தடவையும், "இந்த லோடு முடியட்டும், பாப்போம்" என்றார்.

(மொத்தப் பழியையும் அண்ணன் தலையில் போட்டுக் கதையை முடிக்க இது நல்ல இடம். அண்ணன் இப்போது உயிரோடு இல்லை, சண்டைக்கு வர மாட்டார். அந்த ஆசை எனக்கு வந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.)

3

பொன்னுராஜுக்குப் பட்டறை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தேனி பஜாருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மற்ற வேலையெல்லாம் எல்லாரையும் போலத்தான் செய்வார். பிரேக் வேலை என்றால் மட்டும் ஆள் மாறிவிடுவார். சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவுவார். எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், கிரீஸ் டப்பாக்களைக் கொட்டகையின் மறுகோடிக்குத் தள்ளிவிடுவார். பிரேக்குக்குள் இருக்கிற ரப்பர் கப்புக்கு இதெல்லாம் ஆகாது. பட்டால் ரப்பர் ஊறி உப்பிவிடும், அப்புறம் பிரேக் பிடிப்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதற்கென்றே இருக்கிற பிரேக் ஆயில் ஒன்றுதான் சேரும். அந்த நேரத்தில் யாராவது மண்ணெண்ணெய்க் கையோடு பக்கத்தில் வந்தால், "ஏலே, தள்ளிப் போலே!" என்று கத்துவார். வந்தது முதலாளியாக இருந்தாலும் அதே கத்தல்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்தப் பிக்கப்புக்கு எல்லா ரப்பரும் புதுசு மாற்றினார். நாலு சக்கரத்துக்கும், டிரைவர் காலடியில் பிரேக் ஆயில் நிற்கிற மாஸ்டர் சிலிண்டருக்கும். கடைசியில் குழாய்க்குள் இருக்கிற காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில் படுத்து, காற்றுப் போகிற நிப்பிளைத் திறந்து மூட. பொன்னுராஜுக்குப் பெடல் மிதிப்பது எப்போதும் ஞானபாக்கியம்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"பிடி, விட்ராத."

"பிடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன், எதுக்குக் கத்துறீக?"

ஒரு சக்கரத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை. நாலாவது சக்கரம் முடிந்தபோது பெடல் இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை.*

"கல்லு மாதிரி நிக்குது," என்றாள். பொன்னுராஜுக்கு அது போதும். அப்புறம் அவர் ஓட்டிப் பார்த்ததெல்லாம் ஒரு முறைக்காகத்தான். அவள் காலை நம்பித்தான் இருபது வருசம் வண்டிகளை வெளியே அனுப்பினார்.

* அக்கா: "ரெண்டு இல்ல. ஒண்ணரை."

4

மறுநாள் பூஜை. பொன்னுராஜ் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர்; வரவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எண்ணெய் ஊற்றுகிற துவாரத்தை 'வாய்' என்போம். பூஜையன்று வண்டியின் எந்த வாயும் பசியோடு இருக்கக் கூடாது. எஞ்சின், கியர் பெட்டி, நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற கியர், முன் அச்சுக் கிரவுன், பின் அச்சுக் கிரவுன், ஸ்டீரிங் பெட்டி என்று ஆறு வாய். ஒவ்வொன்றுக்கும் புது எஞ்சின் ஆயில் ஒரு கரண்டியாவது வைக்க வேண்டும். அதன்பிறகுதான் சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் எல்லாம்.

அன்று யாரோ ஒருவர் டிரைவர் காலடியில் இருந்த

அன்று வீட்டு ஆட்களில் ஒருவர் ஆர்வக்கோளாறில்

அன்று என்ன நடந்ததென்றால், கூட்டத்தில்

(மூன்றையும் அப்படியே விட்டிருக்கிறேன். என்னை விட்டுவிட்டு வேறு யார் யாரையெல்லாம் உள்ளே கூப்பிடுகிறேன் பாருங்கள்.)

"யாரு அந்த ஒருத்தர்?" என்றாள் அக்கா. "பேரு வைக்காமயே வளத்துட்டாகளா?"

நான்தான். வைகுண்டராஜ், அப்போது வயது இருபத்தாறு, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். ஆறு வாய்க்கும் வைத்து முடித்தபிறகும் எனக்கு மனசு நிறையவில்லை. டிரைவர் காலடியில் சின்னதாக ஒரு தகடு, இரண்டு திருகாணி. கழற்றினால் உள்ளே ஒரு மூடி. அட, இங்கேயும் ஒரு வாய் இருக்கிறதே, இத்தனை வருசமாக ஒருத்தன் கண்ணிலும் படவில்லையே என்று ஒரே பெருமை. உள்ளே ஏற்கெனவே ஏதோ எண்ணெய் தளும்பிக்கொண்டிருந்தது. சாமி காரியத்துக்குப் பழசையா வைப்பது? துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் புது எஞ்சின் ஆயிலைக் கரண்டி நிறைய ஊற்றினேன். மூடியைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். அண்ணன் கூடப் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை, சொல்லுகிற விசயமாகவே எனக்குப் படவில்லை.

5

நாலாம் நாள் காலை. டிரைவர் ஒச்சாண்டி மயிலாடும்பாறைக்காரர். வண்டியை எடுக்கும்போதே என்னிடம் சொன்னார்.

"தம்பி, நேத்துலருந்து வண்டி பிடிச்சுப் பிடிச்சு ஓடுது. சக்கரத்து டிரம்மு கொதிக்குது. பொன்னுராஜ் அண்ணன்கிட்ட ஒரு எட்டுக் காட்டிட்டுப் போகட்டா?"

"புது ரப்பர்ண்ணே, அப்படித்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாயிரும்," என்றேன்.

என்ன தெரியும் எனக்கு? ஒரு மண்ணும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். அந்த வாயைக் கிழித்துப் போட வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

மலையிலிருந்து இறங்கும்போது பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. பிடிக்க ஹேண்ட் பிரேக் இல்லை. வண்டி புளியமரத்தில் மோதி நின்றது. எலுமிச்சம்பழங்கள் பாதையெல்லாம் உருண்டதைப் பற்றிப் போன கதையில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஒச்சாண்டிக்கு ராமுத்தாய் என்று ஒரு மனைவி இருந்ததை எழுதவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள். நொறுங்கிய வண்டியை இழுத்து வந்து மயிலாடும்பாறை டீக்கடை முன்னால் போட்டிருந்தார்கள். உச்சி வெயிலில் ஊரே கூடி நின்றது. பொன்னுராஜை யாரும் கூப்பிடவில்லை. ஸ்பானர் பையோடு தானாகவே தேனியிலிருந்து பஸ் ஏறி வந்தார். ஞானபாக்கியமும் கூட வந்தாள்.

மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்ததுமே அவர் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கழற்றினார். சோப்புப் போட்ட கையால் ஒரு வாரத்துக்கு முன்னால் அவர் வைத்த ரப்பர், பணியாரம் மாதிரி உப்பிப்போய் வந்து விழுந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தார். கோபத்தில் பிடித்த பிடி அது. சுற்றி நின்றவர்கள் மறைக்கப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"இதுல எஞ்சின் ஆயில் ஊத்திருக்கு," என்றார். "யாரு ஊத்துனது? நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். யாருன்னு மட்டும் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழாவது வாய். நான் டீக்கடைத் தூணைப் பார்த்தேன்.

"பூசைக்கு வராத கை பட்ட வண்டி, எங்குட்டு வெளங்கும்?" என்றது ஒரு குரல்.

"செய்யிறதையும் செஞ்சுபிட்டு எண்ணெய் மேல பழியப் போடுறான் பாரு," என்றது இன்னொன்று.

ராமுத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு கையாலும் மண்ணை வாரி அவர் மேல் தூற்றினாள். "அடப்பாவி, என் தாலிய அறுத்துட்டியே! நீ வெளங்குவியா? உன் தொழிலு வெளங்குமா?" பொன்னுராஜ் கண்ணில் விழுந்த மண்ணைத் துடைக்காமல் நின்றார். "நான் இல்ல தாயி," என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் அப்போதும் தூணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தூணில் எத்தனை ஆணி அடித்திருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஏழு.

(ஏழு என்றது பொய். கதைக்கு அழகாக இருக்கும் என்று எழுதினேன். பாருங்கள், இந்த இடத்தில் கூட எனக்கு அந்தப் புத்தி போகவில்லை.)

அதன்பிறகு தேனியில் அவர் கொட்டகைக்கு ஒரு வண்டியும் வரவில்லை. கம்பத்துக்குப் போய்விட்டார். திராட்சைத் தோட்டங்களில் பம்புசெட் பார்க்கிறார். பிரேக்கை இன்றுவரை தொடவில்லை.

6

முடிவு அ: நான் கம்பத்துக்குப் போகிறேன். பொன்னுராஜ் என் தோளில் கை வைத்து, 'விடு தம்பி, தெரியாமச் செஞ்சதுதான' என்கிறார்.

அக்கா அந்தத் தாளைத் தூக்கி என் முன்னால் போட்டாள். "அவுக எப்பச் சொன்னாக இப்படி? நீயே எழுதி நீயே மன்னிச்சுக்கிறியா?" அதுவரை இருந்த 'நீக' அன்றோடு போயிற்று.

முடிவு ஆ: குற்ற உணர்ச்சி அரித்து அரித்து, நான் படுத்த படுக்கையாகி

"குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க. மூணு வேளையும் சோறு எறங்குதுல்ல?"

எறங்குகிறது அக்கா. அதை அடித்துவிட்டேன்.

"பேரோட எழுதிட்டேன் அக்கா," என்றேன். "நாலாவது பகுதியில இருக்கு. அப்படியே பத்திரிகைக்கு அனுப்பிர்றேன். தமிழ்நாடே படிக்கும்."

அவள் பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்துத் திறந்து, என் கையெழுத்துத் தாளின் மேல் கவிழ்த்தாள். அந்த ரப்பர் விழுந்தது. பதினோரு வருசமாக வைத்திருக்கிறாள். கறுத்துப் பிசுபிசுத்துப் போயிருந்தது. தாளில் ஒட்டிக்கொண்டது.

"பெடல மிதிச்சவ நான். கல்லு மாதிரி நின்னுச்சுன்னு என் காலுக்குத் தெரியும். அன்னைக்கு அத்தனை பேரு நின்னாகளே, ஒருத்தராச்சும் எங்கிட்டக் கேட்டாகளா? நான் வாயத் தொறந்தேன். பொம்பளைக்கு என்ன தெரியும்னு தள்ளிவிட்டாக." குரல் உடைந்தது. உடைந்ததற்கும் சேர்த்து என்மேல் கோபப்பட்டாள். "தமிழ்நாடா அவுக மேல மண்ணத் தூத்துச்சு? மயிலாடும்பாறைக்குப் போ. அதே டீக்கடை. ராமுத்தாயி அங்கனதான் இட்லி விக்குது. அது முன்னால நின்னு வாசி. அதுக்குப் படிக்கத் தெரியாது. காது நல்லாக் கேக்கும்."

போகும்போது ரப்பரை எடுத்துக்கொள்ளவில்லை. "வச்சுக்க. சாட்சிக்கு வேணும்," என்றாள்.

7

மயிலாடும்பாறை பஸ் பதினோரு மணிக்கு. இப்போது மணி பத்தேகால். தபால்தலை ஒட்டிய உறை மேஜை மேல் இருக்கிறது. ரப்பர் சட்டைப் பையில் இருக்கிறது. பை கறைபட்டுவிட்டது, சலவைக்குப் போட்டாலும் போகாது. தபால்பெட்டி தெருமுனையிலேயே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு அதைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும்.

இதற்கு நான் முடிவு எழுத மாட்டேன். எழுதினால் நன்றாக எழுதிவிடுவேன், நீங்களும் நம்பிவிடுவீர்கள். போன தீபாவளிக்கு நம்பினீர்களே.

இந்தக் கதை அச்சாகி உங்கள் கையில் இருக்கிறதென்றால், நான் தபால்பெட்டி வரைக்கும் போனேன் என்பது மட்டும்தான் உறுதி. மேற்கொண்டு என்னிடம் கேட்காதீர்கள். ஆண்டிபட்டிப் பக்கம் போகிற வேலை இருந்தால் அப்படியே மயிலாடும்பாறைக்கு ஒரு எட்டுப் போங்கள். டீக்கடை பக்கத்தில் ராமுத்தாயிடம் நாலு இட்லி வாங்கிச் சாப்பிடுங்கள். வைகுண்டராஜ் என்று ஒருத்தன் வந்தானா என்று கேளுங்கள். வந்தான் என்று சொன்னால், அவன் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டான் என்பதையும் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படி யாரும் வரவில்லையே என்று அவள் சொன்னால், இலையை மூடிவிட்டுக் கையைக் கழுவுங்கள். சோப்புப் போட்டு, இரண்டு தடவை. பிறகு இந்தப் புத்தகத்தை எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். நாலாவது பகுதியிலிருந்து வாசித்தால் போதும். 'நான்தான்' என்று வருகிற இடத்தில் என் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள், டீக்கடை வரைக்கும் கேட்க வேண்டும்.