மகள் ஊரில் மழை

எங்கள் ஊரும் மகள் இருக்கும் ஊரும் நேரெதிர். இங்கே நாலு மாதம் விடாத மழை, பல் கிட்டும் குளிர். அதே நாலு மாதம் அங்கே வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். கோடையில் அந்த ஊர் அடுப்பு. இந்த ஊர் தேவலை. என் மனைவிக்கு மூச்சிரைப்பு என்பதால் மழை பிடித்ததும் அங்கே போவாள், வெயில் தலைகாட்டினால் வந்துவிடுவாள். நான் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். ஈரச் சுவரில் பெயிண்ட் நிற்காது. மழைக்காலம் பூராவும் வீட்டில்தான் கிடப்பேன்.

இந்த வருடம் முட்டி தேய்ந்து ஏணியை விட்டு இறங்கிவிட்டேன். வேலைக்கு முழுக்கு.

மழை விட்டது. அவள் வரவில்லை. போன் போட்டால், அங்கே பேய்மழை, பஸ் ஓடவில்லை என்றாள் மகள். அம்மாவிடம் கொடு என்றால், குளிருக்குப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாளாம்.

நான் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. சலூன் டிவியில் ஊர் ஊராக வானிலைப் படம் போடுவார்கள். எழுத்துக்கூட்டி மகள் ஊரைக் கண்டுபிடித்தேன். பக்கத்தில் சூரியன்.

“என்ன பெரியவரே, சம்சாரத்த வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சா?” என்றான் சலூன்காரன். அவன் கையில் கத்தி இருந்ததால் பேசாமல் வந்தேன்.

எனக்கு மருமகன் மேல்தான் சந்தேகம். கிழவியை வேலைக்காரி ஆக்கிவிட்டான், இல்லை செத்ததை மறைக்கிறான். பஸ் ஏறினேன்.

இறங்கினால் கணுக்கால் அளவு புழுதி. மனைவி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை.

“மழைன்னு சொல்லச் சொன்னது நான்தான். அவளைத் திட்டாதீங்க.”

“நம்ம ஊர்ல மழை விட்டாச்சுடி. உனக்கு மூச்சுதானே கோளாறு?”

“என் மூச்சுக்கு ஒண்ணும் இல்ல. மழை பேஞ்சா நீங்க வீட்ல இருப்பீங்க. சோத்துல குத்தம், நடந்தா குத்தம், இருமினா குத்தம். அதுக்குத்தான் ஓடி வருவேன். வெயில் வந்தா நீங்க வேலைக்குப் போவீங்க, நான் திரும்பிடுவேன். இப்போ வருஷம் பூரா வீட்லதானே இருக்கீங்க?”

குத்தம் இருந்தால் சொல்லத்தானே வேண்டும்? அதைச் சொல்வதற்குள் அடுத்த சேலையை உதறிக் கொடியில் போட்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் அது தொங்கியது. மகள் தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொல்லவில்லை. பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டவன் மருமகன்தான்.

மறுநாள் சலூன்காரன் கேட்டான், அங்கே நிஜமாகவே மழையா என்று.

“ரோடே தெரியல. படகு விடுறாங்க” என்றேன்.

அவன் டிவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கத்தியைத் தீட்டத் தொடங்கினான்.