நின்ற லிஃப்டின் நடுக்கம்

ஒன்பதாவது மாடிக்கு லிஃப்டில் கிளம்பிய என் மச்சானை, படியேறிப் போய் முந்தியவன் நான். வயது அறுபத்தேழு. வலது முழங்காலை மடக்கினால் துருப்பிடித்த கதவு மாதிரி சத்தம் போடும். நான் போன வேகத்துக்கு நாலாவது மாடியில் காயப்போட்டிருந்த துணியெல்லாம் காய்ந்துவிட்டது என்று கேள்வி. வீட்டில் இதை நம்பியவர் ஒருவரும் இல்லை. கூசாமல் மறுத்தவன் அந்த மச்சானேதான். என் மனைவியின் தம்பி.

நான் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். உள்ளங்கையை லிஃப்டின் சுவரில் வைத்தால் போதும். எந்த உருளை தேய்ந்திருக்கிறது, எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது, உள்ளே நிற்பவருக்கு மாமியாருடன் சண்டையா என்பதுவரை சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு, மகள் ஒன்பதாவது மாடியில் வீடு வாங்கியபோது பிடித்தது சனி.

அங்கே லிஃப்டில் கால் வைத்தாலே ஒரு நடுக்கம் ஏறிவரும். நெஞ்சு தடதடக்கும், மூச்சு பாதியில் நிற்கும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எனக்குச் சந்தேகமே இல்லை, லிஃப்டில் கோளாறு. புகார் கொடுத்தேன். கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றான். மறுபடியும் கொடுத்தேன். கடைசியில் வாட்ச்மேன் என் தலையைப் பார்த்தாலே கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

பிறகு மகள் வீட்டுக்குப் போவதையே விட்டேன். சளி, முழங்கால், வீட்டுக்கு வரப்போவதாகச் சொன்ன, வரவே வராத விருந்தாளி. ஒருநாள் அவள் போனில் சொன்னாள்: "என் வீடு பிடிக்கலைன்னா சொல்லிடுங்கப்பா. தினமும் ஒரு பொய்யைத் தேடிச் சிரமப்படாதீங்க."

அன்று சோறு இறங்கவில்லை. லிஃப்டின் குற்றத்தை நிரூபித்தால்தான் மகள் முகத்தில் விழிக்க முடியும் என்று மீண்டும் புகார் கொடுத்தேன். இந்த முறை ஒரு பெண் டெக்னீஷியன் வந்தாள். சாட்சிக்கு மச்சானையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"அத்தான், இந்த லிஃப்ட் அப்படி என்னதான் துரோகம் பண்ணுச்சு உங்களுக்கு?"

"வாயை மூடிட்டு வேடிக்கை பாருடா. இன்னிக்குக் கையும் களவுமா பிடிக்கிறேன்."

தரைத்தளத்தில் லிஃப்ட் திறந்தே நின்றது. உள்ளே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். டெக்னீஷியன் பக்கத்து அறைக்குப் போய்விட்டு வந்தாள். வந்தது நடுக்கம்! சுவரே உதறியது.

"பாரும்மா! மோட்டார் பக்கத்திலேருந்து வருது! கட்டடமே ஆடுது!"

அவள் என் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள். பிறகு சுவரை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"சார்," என்றாள், தணிந்த குரலில். "நான் மெயின் சுவிட்சை அணைச்சு நேரமாச்சு."

மச்சான் திரும்பிக்கொண்டு, லிஃப்ட் பொத்தான்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தான். அவன் சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

அந்த நிமிடம் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. குழாயை மூடிவிட்டு, மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடிவருவேன். மட்டமான குழாய் என்பேன். போன் அடித்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று எடுக்கவே மாட்டேன். மணியின் சத்தம் சரியில்லை என்பேன். பஸ்ஸில் கதவோர இடம் கிடைக்காவிட்டால் இறங்கிவிடுவேன்; காற்று வராத பஸ் என்பேன். ஊரிலுள்ள சாமான் அத்தனைக்கும் கோளாறு கண்டுபிடித்தவன், ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

காது மடல்வரை சூடேறியது. "லிஃப்டைப் போடும்மா, இவன் அதுல வருவான்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் பாய்ந்தேன். மச்சான் வந்து சேர்ந்தபோது நான் மகள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் அவன் மணியை அழுத்தினான்.

மகள் கதவைத் திறந்து என் கையைப் பிடித்தாள்.

"என்னப்பா, கை இப்படி நடுங்குது?"

அவள் வீட்டுக் கால்மிதியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "வீடு பிடிக்காம இல்லம்மா. லிஃப்டுக்குள்ள எனக்கு... பயமா இருக்கு." லிஃப்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்தவன் பேச்சு இது. முழம் முழமாகப் பேசும் என் வாயில் அந்த ஒரு சொல் சாண் தூரம் வருவதற்குள் உயிர் போய் வந்தது.

அவள் சிரிக்கவில்லை. மறுநாளே மனநல மருத்துவரிடம் அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கினாள். காவலுக்கு மச்சான் வந்தான். நான் கதவோர நாற்காலியில் உட்கார்ந்தேன். மருத்துவர் அதையும் பார்த்துவிட்டார். இதற்குப் பதற்றக் கோளாறு என்று பெயர், குணப்படுத்தலாம் என்றார். பிறகு, பயம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கூச்சத்தில் நாக்கு வழக்கமான பாதையில் ஓடிவிட்டது.

"லிஃப்டையே முந்தினவன் டாக்டர் நான்! ஒன்பது மாடி!"

மருத்துவர் மச்சான் பக்கம் திரும்பினார். "நிஜமாவா? பயத்துல இவர் எவ்வளவு தூரம் ஓடுவார்னு எனக்குத் தெரியணும்."

வீட்டில் எத்தனையோ தடவை, "அத்தான் ரீல் விடறார்" என்று சத்தியம் பண்ணியவன், தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உண்மைதான் டாக்டர். இவர்தான் முதல்ல போனார். நான் மாடிக்கு மாடி லிஃப்டை நிறுத்தி, எங்கயாவது விழுந்து கிடக்கிறாரோன்னு படிக்கட்டை எட்டி எட்டிப் பாத்துட்டே போனேன். மேல போனா, மக வீட்டு வாசல்ல நிக்கிறார். மணியை அழுத்தக்கூடக் கை நிக்கல."