ஜடையனை அடிக்க ஆளில்லை

சுசித்ராவுக்குக் காதில் விழவே கூடாத சொல் ஒன்று உண்டென்றால் அது 'ஐயோ பாவம்'. கொள்ளேகாலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்ததால் அதைத் தமிழில் கேட்டு வளர்ந்தாள். மைசூருக்குப் படிக்க வந்தபின் 'ஐயோ பாப' என்று கன்னடத்திலும் கேட்டாள். இரண்டு வயதில் இடது காலைப் போலியோ பிடித்துக்கொண்டது. ஊன்றுகோல்களோடு அவள் பஸ் ஏறினால் முன்பின் தெரியாதவர்கள்கூட உச்சுக்கொட்டுவார்கள்.

சரஸ்வதிபுரத்தில் ஒரு மாவு மில்லுக்குப் பக்கத்தில் அவள் நடத்திய நிறுவனத்தின் பெயர் 'கோணல் காஸ்டிங்'. சீரியலுக்கும் விளம்பரத்துக்கும் மாற்றுத்திறனாளி நடிகர்களை அனுப்புவது தொழில். கண் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு, விழியை மேலே சொருகச் சொல்லி, பார்வையில்லாதவராக நடிக்க வைக்கும் வழக்கத்தை ஒழிப்பது என்று கிளம்பியவள், மைசூர் வட்டாரத்தில் அதைப் பாதி ஒழித்தும்விட்டாள். ஆனால் அவள் ஆட்களுக்குக் கிடைத்த வேடங்களைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயில் வாசலில் பாடுகிறவர், கதாநாயகியை அழவைப்பதற்கென்றே உயிரோடிருக்கும் தம்பி, அப்படித்தான் எல்லாமே. போன மாதம் ஒரு மெத்தைக் கம்பெனிக்காரர்கள், சக்கர நாற்காலிப் பெண் தங்கள் மெத்தையில் படுத்து எழுந்ததும் நடந்துபோகிற மாதிரி விளம்பரம் எடுக்கவேண்டும் என்றார்கள்.

"மெத்தையில படுத்தா நடை வருமுன்னா நானே ரெண்டு வாங்கிப் போட்டிருப்பேனுங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் யதுநந்தன் அவளைத் தேடி வந்தார். புது கன்னட சீரியல் ஒன்றின் இயக்குநர். மேல்கோட்டைக்காரர், வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ்.

"கதாநாயகிக்கு ஒரு அண்ணா, சுசித்ரா. வீல்சேர். ரொம்ப நல்லவன். இருபது எபிசோட் அழுவான், அப்பறம் போயிடுவான். ஆள் குடுங்கோ."

"வில்லன் யாருங்க சார்?"

"நெலத்தப் பிடுங்கற ரைஸ்மில் முதலாளி. அவன் எதுக்கு உங்களுக்கு?"

"அவனை எங்க ஆளு செய்யட்டும். அழுதழுது எங்க ஆளுக கண்ணு வத்திப்போச்சு சார். ஒருத்தனாவது ஊரு சொத்தைக் கொள்ளையடிக்கட்டும்."

யதுநந்தன் சிரித்தார். ஆனால் வில்லனுக்குப் பேசி வைத்திருந்த நடிகர் முந்தின நாள்தான் வேறு சீரியலுக்குத் தாவியிருந்தார். அதனால் சம்மதித்தார்.

சுசித்ரா அனுப்பிய ஆள் ஜடையன். கொள்ளேகாலில் பட்டு நூல் வியாபாரம் செய்துகொண்டிருந்தவன். பைக் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி. குரல் இடி மாதிரி. ஒரே குறை, அவன் முகம். சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி விழும். சிரிக்காவிட்டாலும் சிரிப்பதுபோலவே இருக்கும். ஒரு வாரம் அவனைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து முறைக்கப் பழக்கினாள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில், காவிரிப் படித்துறைக்கு மேலே இருந்த சிமெண்டுத் தளத்தில் படப்பிடிப்பு. நாயகன் தேஜஸ் வந்து வில்லனை ஓங்கி அறைய வேண்டும். கை கன்னத்தில் படாது. சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். சின்னக் காட்சிதான்.

தேஜஸ் கையை ஓங்கினான். கன்னத்தருகே வந்ததும் கை தானாக மெதுவாகி, ஜடையனைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனது.

"கட். என்ன தேஜஸ், முத்தம் ஒண்ணுதான் பாக்கி," என்றார் யதுநந்தன்.

"ஆகல்ல சார், முடியல. இவரப் பாத்தா அடிக்க மனசே வரல. எங்கம்மா இதை டிவியில பாத்தா எனக்குச் சோறு போட மாட்டாங்க."

சுசித்ரா ஊன்றுகோல்களை ஊன்றி வந்து அவன் முன்னால் நின்றாள். "தம்பி, போன சீரியல்ல நாலு பேரை அடிச்சீங்களே, அவங்களைப் பாத்து மனசு வந்துச்சா?"

"அவங்க கெட்டவங்க."

"இவன் அவங்களைவிடக் கெட்டவன். நெலத்தைப் பிடுங்கியிருக்கான். கால் நடக்கலேன்னு அறையைக் குறைச்சீங்கன்னா அது இவனுக்கு அவமானமுங்க."

"ஆமாங்க, நல்லா போடுங்க," என்று ஜடையனும் சொல்லி, கன்னக்குழி தெரிய ஊக்கப்படுத்தினான்.

தேஜஸ் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டு அறைந்தான். பிரமாதமான அறை. ஜடையன் தலை ஒடிந்ததுபோல் சாய்ந்தது. யதுநந்தன் "ஓகே" சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள், வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து வெள்ளரிக்காய் விற்கும் சித்தம்மா உள்ளே புகுந்துவிட்டாள். நடக்க முடியாதவனை அடிக்கிறாயே, உன்னைப் பெற்றவள் உனக்குச் சொல்லித்தரவில்லையா என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே, ஒரு நீள வெள்ளரிக்காயால் தேஜஸின் முதுகில் போட்டாள். 'ஐயோ பாப, ஐயோ பாப' என்று பின்னாலேயே கூட்டமும் கிளம்பியது. தேஜஸுக்குப் போக வேறு வழியில்லை. படிகளில் இறங்கி, இடுப்பளவு காவிரியில் போய் நின்றுகொண்டான்.

சித்தம்மா திரும்பி வந்து, ஜடையனுக்கு ஒரு வெள்ளரிக்காயைக் கீறி மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தாள். அவன் வாங்கித் தின்றான். சிரிக்கவும் சிரித்தான்.

யதுநந்தன் இங்கிலீஷில் சற்று நேரம் பேசினார். பிறகு தமிழுக்கு வந்தார். "பாத்தேளா? ஜனங்க ஒத்துக்க மாட்டா. ஜடையன் அண்ணா வேஷமே பண்ணட்டும். கடைசியில எழுந்து நடக்கட்டும், ரேட்டிங்கும் வரும்."

எழுந்து நடக்கட்டும் என்று கேட்டதும் சுசித்ராவுக்குக் காது சூடாகிவிட்டது. நேராக ஜடையனிடம் போனாள்.

"அந்தம்மா கூடை மேல வண்டியை ஏத்து."

ஜடையன் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். "ஏனுங்கக்கா? நல்ல மனுஷி. பாவமுங்க."

"அந்த வார்த்தையை நீயுமா சொல்றே? சரி, அண்ணன் வேஷத்துக்குப் போ. இருபது எபிசோட் உக்காந்து அழுவு. இல்லேன்னா ஏத்து, காய்க்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

ஜடையன் யோசித்தான். முகம் மெல்ல மாறியது. தின்ற துண்டைத் துப்பினான். "இதென்ன காயா? எங்கூரு மாடுகூடத் திங்காது," என்று கன்னடத்தில் படித்துறை அதிரச் சொல்லிவிட்டு, சக்கரத்தை ஒரே தள்ளாகத் தள்ளினான். கூடை கவிழ்ந்தது. சக்கரங்கள் வெள்ளரிக்காய்களின் மேல் மொறுமொறுவென்று ஏறி இறங்கின. போதாதென்று பின்னால் வந்து இன்னொரு தடவை ஏறினான்.

சித்தம்மா கூடையைப் பார்த்தாள், ஜடையனைப் பார்த்தாள். பிறகு ஆற்றைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏ தம்பி, மேலே வா. வந்து இவனுக்கு இன்னும் ரெண்டு போடு."

சொட்டச் சொட்ட ஏறி வந்த தேஜஸுக்கு இப்போது மனசு தாராளமாக வந்தது. கூட்டம் கைதட்ட, அதே ஈரத்தோடு அறைந்தான். யதுநந்தன் அதையே எடுத்துக்கொண்டார். நாயகன் ஏன் நனைந்திருக்கிறான் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. சித்தம்மாவின் காய் முழுவதையும் சுசித்ரா வாங்கிக்கொண்டாள். நசுங்காதவை யூனிட் சாப்பாட்டில் பச்சடியாயின.

சீரியல் ஓடத் தொடங்கி மூன்றாவது வாரம் ஜடையன் போன் செய்தான். பின்னணியில் மைசூர் தேவராஜ மார்க்கெட்டின் இரைச்சல்.

"அக்கா, பூக்காரம்மா எனக்குப் பூ தர மாட்டேங்கறாங்க. நெலத்தத் திருப்பிக் குடுத்துட்டு வான்னு சொல்றாங்க. நாலு பேரு கூடி நின்னு திட்டறாங்க."

"வண்டிய யாராச்சும் தள்ளிவிட வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரலீங்க. வழிகூட விடல," என்றான் ஜடையன். குரல் தழுதழுத்தது. அத்தனை சந்தோஷம் அவனுக்கு.

சுசித்ரா போனை வைத்ததும் கொள்ளேகாலிலிருந்து அவள் அம்மா வள்ளியாத்தாள் கூப்பிட்டாள். ஜடையனை அவன் டவுசர் போட்ட காலத்திலிருந்து தெரிந்தவள் அவள். தங்கமான பையன் என்று ஊரெல்லாம் சொன்னவள்.

"சுசி, அந்த ஜடையனை ஆபீசுக்குள்ள சேத்தாதே கண்ணு. எனக்கு அப்பவே தெரியும், அவன் முழியே சரியில்லை."

"சரிம்மா," என்றாள் சுசித்ரா. வாய் நிறைய வந்த சிரிப்பை அடக்க ஊன்றுகோலின் பிடியைக் கடித்துக்கொண்டாள்.