கோட்டுக்கு உள்ளே ஒரு கால்

நடுவர் சிவப்பு அட்டையை நீட்டியபோது பயிற்சியாளர் குனிந்து தன் இடது காலைத்தான் பார்த்தார். பந்து இன்னும் அதன் அடியிலேயே அடங்கிக் கிடந்தது. காலில் இருந்தது பாலிஷ் போட்ட தோல் ஷூ. உடம்பில் கோட்டும் டையும் வேறு. மைதானத்தின் வெள்ளைக் கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்றுகொண்டிருந்தார். எப்படி அங்கே வந்தார் என்று சத்தியமாக அவருக்கே தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஆட்டம் முடியும் தறுவாயில் அவருடைய அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. எதிரணிக்காரன் ஒருவன் கோட்டை ஒட்டிப் பந்தைத் தட்டிவிட்டு ஓடிவர, இடதுபக்கத் தடுப்பில் ஆடும், எல்லோரும் ‘சுருட்டை’ என்று கூப்பிடும் பையன் அவனைத் துரத்தி வந்தான். முழங்கால் கைவிரிக்கும்வரை அது பயிற்சியாளர் ஆடிய இடம். அவரைத் தாண்டிப் போக முடியாது என்பதால் ரசிகர்கள் அவருக்குக் ‘கதவு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பந்து தன் பக்கம் உருண்டு வந்ததும் கதவு பாட்டுக்கு ஓரடி எடுத்து வைத்து அதை அமுக்கி நிறுத்திவிட்டது. ஆடுகிறவர் செய்தால் கைதட்டல், வெளியே நிற்க வேண்டியவர் செய்தால் குற்றம். எதிரணிக்குக் கிடைத்த ஃப்ரீ கிக் நேராக வலைக்குள் போய் விழுந்தது. கைக்கு எட்டிய வெற்றி சமனில் முடிந்தது.

கிளப் செயலாளர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் தோளில் கை போட்டுத் தனியே அழைத்துப் போனார். தற்காலிகப் பயிற்சியாளரை நிரந்தரமாக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது.

“இனிமே இப்படி நடக்காதுன்னு உங்களால சொல்ல முடியுமா? இப்பவே வேணாம். நாளைக்குப் பயிற்சி முடிஞ்சதும் மாடிக்கு வந்து சொல்லுங்க.”

நடக்காது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் செய்ததே தெரியாமல் செய்த காரியத்துக்கு எந்த வாயால் உத்தரவாதம் கொடுப்பது? பழக்கதோஷம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அவருக்கே அது எடுபடவில்லை. சுருட்டை கோட்டை விடுவான் என்று பயந்தாரா? இல்லை, அவன் எட்டிப் பிடித்துவிடுவான் என்று பயந்தாரா? இந்த இரண்டாவது நினைப்பு எங்கிருந்து முளைத்தது என்றே புரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது.

காலையில் மனைவி போனை அவர் முன்னால் வைத்தாள். அதற்குள் அந்தக் காட்சி ஊரெல்லாம் சுற்றி வந்திருந்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பந்தை நிறுத்திய இடத்தில் படத்தையும் நிறுத்தினாள்.

“உங்க மூஞ்சியப் பாருங்க. ஆட்டத்த விட்டதுலேருந்து இந்த மூஞ்சிய நான் பாக்கவே இல்ல.”

பார்த்தார். படத்தில் இருந்த ஆள் சந்தோஷமாக இருந்தான். அவனைப் பார்க்க அவருக்குப் பொறாமையாக இருந்தது. வேலையே போகப் போகிறது, இதில் பொறாமை ஒரு கேடா என்று தன்னையே கடிந்துகொண்டு கிளம்பினார்.

பயிற்சிக்கு வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சுருட்டை மட்டும் ஓரமாக உட்கார்ந்து, கட்டிய ஷூ கயிற்றையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஒன்றாக ஆடிய காலத்தில் அவரை வாய் நிறைய ‘அண்ணே’ என்பான். அவர் பயிற்சியாளர் ஆன அன்றே அது ‘சார்’ ஆகிவிட்டது.

“நான் அவன எட்டிப் புடிச்சிருக்க மாட்டேன்னு நெனச்சீங்களாண்ணே?” என்று தலையைத் தூக்காமலே கேட்டான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றாலும் அவன் தாங்கியிருப்பான். “தெரியலடா,” என்றார். அது உண்மை, ஆனால் அவனுக்கு ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லாத உண்மை. அவன் எழுந்து மைதானத்துக்குள் போய்விட்டான்.

இரண்டு பிரிவாகப் பிரிந்து ஆடவிட்டு, அவர் கோட்டுக்கு வெளியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கால்களையும் கட்டிவைக்க வழியிருந்தால் கட்டியிருப்பார். மாடியில் செயலாளரின் ஜன்னல் திறந்திருந்தது. பயிற்சி முடியப்போகும் நேரத்தில், யாரோ விட்ட உதையில் பந்து கோட்டை ஒட்டி அவர் பக்கமாக உருண்டு வந்தது. துரத்தி வந்த சுருட்டை, எட்டிவிடும் தூரத்தில் சட்டென்று நின்று, இடுப்பில் கை வைத்து அவரைப் பார்த்தான். பந்து வேகம் குறைந்து வந்துகொண்டிருந்தது. அவருடைய இடது குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது.