கேக் அச்சுகளுக்குப் பின்னால்

எங்கள் வீட்டில் எதையும் ஒளித்துவைக்க முடியாது. கீழே பேக்கரி, மேலே இரண்டு அறை. அதில் நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அப்புறம் என் நாத்தனார். அவளுக்குச் சுத்தம் செய்வதென்றால் உயிர். பீரோவின் அடித்தட்டு வரைக்கும் கொட்டி, மடித்து, அடுக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவாள். அதனால் ஆணுறை டப்பாவை என் கணவர் கீழே வைத்திருந்தார். அடுப்புக்கு மேலே ஒரு அலமாரி. அதில் பழைய கேக் அச்சுகளுக்குப் பின்னால் யார் கையும் போகாது. அந்த இடத்தைக் கண்டுபிடித்த அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு மூன்றாவது கூடாது. ஆசை இருக்கிறதா இல்லையா என்பது வேறு பேச்சு. சின்னவள் பிறந்தபோது ரத்த அழுத்தம் எகிறி, வலிப்பு வந்து, பிழைத்ததே பெரிய விஷயம். "இன்னொரு தடவ இப்படி ஆனா நான் உத்தரவாதம் தர முடியாதும்மா" என்று டாக்டரம்மா சொன்னதை இரண்டு பேரும்தான் கேட்டோம்.

அதனால் நாள் ஒரு வாரம் தள்ளிப்போனதும் எனக்குக் கடை வேலையே ஓடவில்லை. கல்லாவில் உட்கார்ந்து பன்னுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருப்பேன், மனசு பிள்ளைகளைச் சுற்றிக்கொண்டிருக்கும். நான் போய்விட்டால் பெரியவனுக்கு யார் பாடம் சொல்லித் தருவார்கள்? அவன் அப்பாவா? மாவும் தண்ணீரும் தவிர வேறு கணக்கு அந்த மனிதருக்கு வராது.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அவர் மாவு பிசைந்துகொண்டிருந்த மேசைக்குப் போனேன்.

"நாள் தள்ளிப்போச்சு."

அவர் கை அப்படியே நின்றது.

"அன்னைக்கு ஒண்ணு கிழிஞ்சிடுச்சு" என்றார்.

"என்னைக்கு?"

"தங்கச்சி ஊருக்குப் போயிருந்தாளே, அன்னைக்கு. மூணு வாரம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"நீ பயந்துடுவியோன்னு..."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மாவை அப்படியே எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். நாத்தனார் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனோம். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, அவர் என் கணவர் பக்கம் திரும்பினார்.

"கிழிஞ்ச உடனே வந்திருந்தா அதுக்கு மாத்திரை இருக்கு. மூணு நாளைக்குள்ள போடணும், எவ்வளவு சீக்கிரம் போடறாங்களோ அவ்வளவு நல்லது. இப்ப அதுக்கெல்லாம் நேரம் போயிடுச்சு. சரி, டப்பாவ எங்க வெப்பீங்க?"

"அடுப்புக்கு மேல, டாக்டர். யார் கண்ணுலயும் படாது." பழைய பெருமை குரலில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"பேக்கரி அடுப்புக்கா?"

"ஆமா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "சூடு பட்டா ரப்பர் நைஞ்சு போகும். ஒவ்வொரு தடவையும் சரியா போட்டாலே வருஷத்துக்கு நூறு ஜோடியில ரெண்டு பேருக்குக் கரு தங்கிடும். நடைமுறையில பத்துப் பேருக்கு மேல தங்குது. நீங்க அத வேற வேக வெச்சிருக்கீங்க."

"இவருக்கு ஈஸ்ட்ட மட்டும் பிரிட்ஜ்ல வெக்கத் தெரியுது டாக்டர். சூட்டுல செத்துப்போயிடுமாம்" என்றேன் நான்.

சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரே ஒரு கோடுதான் வந்தது. "இல்லம்மா. மூணு வாரம் ஆனதால இத நம்பலாம்" என்றார் டாக்டரம்மா. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்படியானால் நாள் ஏன் தள்ளிப்போனது என்று கேட்டேன். சரியாகத் தூங்கினாயா என்று திருப்பிக் கேட்டார். பெரிய ஆர்டர் ஒன்றுக்காக அந்த மாதம் முழுக்கக் கண்விழித்ததைச் சொன்னேன். தூக்கம் கெட்டால் கருமுட்டை வெளிவருவது தள்ளிப்போகுமாம், அதோடு நாளும் தள்ளிப்போகுமாம். இன்னும் ஒரு வாரத்தில் வராவிட்டால் மறுபடி வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் சொன்னேன். "கிழிஞ்சதுக்கு எனக்குக் கோபமில்ல. ரப்பர்னா கிழியும். அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு மாத்திரையோட போயிருக்கும். ஊருக்கு ஒளிச்சு ஒளிச்சு, கடைசியில என்கிட்டயே ஒளிச்சிட்டீங்க. போறது என் உயிருங்க."

அந்த வார முடிவில் நாள் வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் அவராகவே டாக்டரம்மாவிடம் போய், கருத்தடை ஆபரேஷனை எனக்கே பண்ணிவிடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தார். பண்ணியும் கொண்டார். ஆனால் அன்றைக்கே அதை நம்பிவிடக் கூடாதாம். மூன்று மாதம் கழித்து விந்தைப் பரிசோதித்து, அதில் உயிரணு ஒன்றும் இல்லையென்று தெரிந்த பிறகுதான் நிம்மதி.

பரிசோதனை முடிவு வரும் நாளன்று கடையில் நல்ல கூட்டம். பெரியவனின் வகுப்பு டீச்சர் ரொட்டிக்கு நின்றிருந்தார். நாத்தனார் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். என் கணவர் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

"இன்னும் சுத்தமாகலையாம்! கொஞ்சம் மிச்சமிருக்காம். அடுத்த மாசம் திரும்பக் குடுக்கணுமாம். அதுவரைக்கும் நாம ஜாக்கிரதையா இருக்கணும்!"

டீச்சர் பைக்குள் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார். எனக்குக் காது வரை சுட்டது.

"அண்ணி, புது டப்பாவ பீரோவுல என் துணிக்கு அடியில வெச்சுக்கோங்க. அங்க சூடு படாது" என்றாள் நாத்தனார், கட்டும் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தக் கேக் அச்சுகளையும் அவள் துடைத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். "மானம் போச்சு. மேல வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"மேல வந்து சொல்லலாம்னுதான் நெனச்சேன்" என்றார். மூச்சு வாங்கியது, ஓடி வந்திருக்கிறார். "அப்புறம் நீ சாப்பிட்டதும் சொல்லலாம்னு தோணும். அப்புறம் நாளைக்குன்னு தோணும். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? அதான் வாசல்லயே சொல்லிட்டேன்."

எனக்கு அந்த மனிதர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. டீச்சர் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போனேன்.